கேகன், ஷெல்லி
ஷெல்லி கேகன் (பிறப்பு 1956) அறவியலிலும் மரணம் பற்றிய மெய்யியலிலும் ஆய்வு செய்துவரும் அமெரிக்க மெய்யியலாளர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1982இல் முனைவர் பட்டம் பெற்றார்; தாமஸ் நேகல் இவருடைய நெறியாளர். பிட்ஸ்பர்க், இலினாய் (சிகாகோ) பல்கலைக்கழகங்களில் கற்பித்தபின் 1995இல் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அறவியலில் இவர் விளைவுவாதி. செயலின் நன்மை தீமையை அதன் விளைவே தீர்மானிக்கிறது என்னும் அக்கொள்கையின் பக்கம் நின்று, வழக்கமான ஒழுக்கநெறி மனிதர்க்கு அளிக்கும் சலுகைகளையும் விதிக்கும் தடைகளையும் 'ஒழுக்கத்தின் எல்லைகள்' (1989) என்ற முதல் நூலில் விரிவாக மறுத்தார். தகுதிப்பேறு, விலங்குகளின் அறநிலை ஆகியவை குறித்தும் தனி நூல்கள் உண்டு.

யேலில் 2007இல் பதிவு செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாக வெளியான 26 மரண விரிவுரைகளே இவரைப் பரவலாக அறியச் செய்தன; தென்கொரியாவில் பெரும் வரவேற்புக் கிடைத்தது. 'மரணம்' (2012) நூல் இவற்றிலிருந்து உருவானது. உடலினின்று வேறான ஆன்மா இல்லை; மரணம் தீயதாவது, வாழ்ந்திருந்தால் கிடைத்திருக்கும் நன்மைகளைப் பறிப்பதனால்; ஆயினும் முடிவற்ற வாழ்வும் விரும்பத்தக்கதன்று என்பன இவருடைய முடிவுகள். மத நம்பிக்கையைச் சாராமல், எதிர்வாதங்களுக்கு உரிய மதிப்பளித்து இவற்றை நிறுவ முயல்வது இந்நூலின் தனிச்சிறப்பு. மரணம் நேரும்போது பாதிக்கப்பட ஆளே இல்லை என்ற பண்டைய கிரேக்க மெய்யியலாளர் எபிகூரசின் வாதத்தையும் நூல் விரிவாக ஆராய்கிறது.