குழந்தைகளின் உடற்பருமனும் அடங்காப் பசியும்

சின்னாளப்பட்டி சுற்றுவட்டாரத்திலிருந்து எடை மிகுந்த குழந்தையை அழைத்து வரும் பெற்றோரில் சிலர், "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று அவன் எதிரிலேயே குறைகூறுவர். வேறு சிலர், "பூசினாற்போல் இருக்கிறான், வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பர். இரண்டும் பிழையே. பசி என்பது பெருமளவு ஹார்மோன்களால் இயங்கும் உடற்செயல் ஆகும்.

பசியை அடக்கும் லெப்டின்

கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின், உடலில் போதிய சேமிப்பு உள்ளது என்ற செய்தியை மூளைக்குத் தெரிவிக்கிறது. இதற்கான மரபணு 1994-இல் கண்டறியப்பட்டது. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டும்.

1997-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவர்கள் சதஃப் ஃபாரூக்கி, ஸ்டீபன் ஓ'ராஹிலி ஆகியோரின் குழு இரு குழந்தைகளை ஆராய்ந்தது. 8 வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. அவளுடைய உறவினனான 2 வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. பிறந்தபோது இருவரும் இயல்பான எடையிலேயே இருந்தனர். பெற்றோர் நெருங்கிய உறவில் மணம் புரிந்தவர்கள். மரபணுக் குறைபாட்டால் அக்குழந்தைகளின் இரத்தத்தில் லெப்டின் அநேகமாக இல்லை. பின்னர் 94.4 கிலோ எடையுடன் இருந்த அச்சிறுமிக்கு நாள்தோறும் லெப்டின் ஊசி செலுத்தப்பட்டது. உணவைத் தேடி அலைவது அடங்கியது. 12 மாதங்களில் 16.4 கிலோ குறைந்தது. அதுவரை அவளைக் கண்டித்தவர்கள் கண்டித்தது ஒரு நோயை.

எனினும் இக்குறைபாடு மிக அரிது. பருமனான பெரும்பாலான குழந்தைகளிடம் லெப்டின் மிகுதியாகவே உள்ளது. மூளை அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆகவே அவர்களுக்கு லெப்டின் ஊசி பயன் தராது.

பருமனை அளவிடுதல்

கண்ணால் பார்த்து முடிவு செய்யலாகாது. புணே நகரின் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவர் வாமன் காதில்கர் உள்ளிட்டோர் உருவாக்கிய வளர்ச்சி வரைபடங்களை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்டது. பெரியவர்களின் உடல் நிறை குறியெண் 23-க்கு ஈடான கோட்டைக் கடந்தால் அதிக எடை, 27-க்கு ஈடான கோட்டைக் கடந்தால் உடற்பருமன். உலக அளவில் பெரியவர்களுக்கு வழங்கும் வரம்புகள் 25, 30. குறைந்த எடையிலேயே நம்மவர்க்கு நீரிழிவு தோன்றுவதால் இவ்வேறுபாடு.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

5 வயதுக்கு முன்பே கடும் பருமனும் தீராப் பசியும் தோன்றினால் மரபணுக் காரணத்தை ஐயுற வேண்டும். எடை ஏறியும் உயரம் ஏறாத குழந்தைக்குத் தைராய்டு உள்ளிட்ட ஹார்மோன் பரிசோதனை தேவை. சாதாரணப் பருமனுள்ள குழந்தை பொதுவாக வயதுக்கு உயரமாகவே இருக்கும். கழுத்தின் பின்புறம் தோல் கறுத்துத் தடித்திருப்பது அழுக்கன்று; இன்சுலின் சரிவரச் செயல்படாமையின் அடையாளம். அதைத் தேய்த்துக் கழுவிப் புண்ணாக்க வேண்டாம். குறட்டை, வளர்ச்சித் தாமதம், நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்து ஆகியவற்றையும் மருத்துவரிடம் கூறுக.

வீட்டில் செய்யத்தக்கவை

குழந்தையைப் பட்டினி போடுதல் கூடாது. கிரெலின் மிகுந்து பசி மேலும் கூடும். குளிர்பானம், பொட்டலத் தின்பண்டம், பேக்கரிப் பண்டங்களைக் குழந்தைக்கு மட்டும் மறுப்பதைவிட வீட்டிற்கே வாங்காதிருத்தல் எளிது. சுண்டல், பயறு, முட்டை, காய்கறி பசியை நெடுநேரம் தாங்கும். உறக்கம் குறைந்தாலும் பசி கூடும். இரவில் கைப்பேசியை எடுத்துவிடுக.

மருத்துவமனைக்கு வரும்போது பிறப்பு எடை பதிந்த தாய் சேய் நல அட்டை, பள்ளியின் உயரம் எடைப் பதிவு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைக் கொண்டு வருக. பெற்றோர் உறவு முறையில் மணந்தவர்களாயின் அதையும் தயங்காது தெரிவிக்கவும்.