தமிழ்க் கவிதையில் தும்பி

உலகின் பழைய அரசுகள் சில தேனீயை ஆட்சியின் சின்னமாகக் கொண்டன. எகிப்திய மன்னரின் பட்டப்பெயர் நாணலையும் தேனீயையும் சேர்த்து எழுதப்பட்டது. தேனீ அந்நாட்டின் வடபகுதியைக் குறித்தது. 1653இல் தூர்னே நகரில் பிராங்க் மன்னன் சில்டெரிக்கின் கல்லறையிலிருந்து, தேனீக்கள் எனக் கருதப்பட்ட பொன்னுருக்கள் கிடைத்தன. அவற்றை நினைவிற்கொண்டு நெப்போலியன் 1804இல் தன் முடிசூட்டு மேலங்கியில் தேனீக்களைப் பொறித்துக்கொண்டான்.

தமிழ்ப் புலவரின் நோக்கு வேறு. தும்பி, வண்டு, சுரும்பு, ஞிமிறு எனப் பல பெயரிட்டழைத்த அவர்கள், இவ்வினத்திடம் ஆட்சியைவிடப் பேச்சையே மிகுதியும் நாடினர். இன்று தும்பி என்றால் தட்டானை நினைப்போர் உளர்; இலக்கியத் தும்பியோ தேனுண்ணும் வண்டு.

குறுந்தொகையின் இரண்டாம் பாடலில், தலைவியின் கூந்தலினும் மணமுள்ள மலர் உண்டோ எனத் தலைவன் தும்பியை வினவுகிறான். பாடியவர் இறையனார். மலர்தோறும் சென்று தேர்ந்த அறிவே தும்பியின் தகுதி. தன் மனம் மகிழப் பேசாது, அறிந்த உண்மையை உரைக்குமாறு அவன் வேண்டுவதே பாடலின் உயிர். இதனைச் சூழ்ந்தெழுந்த தருமி கதையைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் பாடினார். அங்கு நக்கீரர் இறைவனுக்கும் முகமன் கூற மறுக்கிறார். பாட்டுக்கும் கதைக்கும் அறம் ஒன்றே.

பக்தி இலக்கியத்தில் தும்பி தூது செல்கிறது. மாணிக்கவாசகரின் திருக்கோத்தும்பி 20 பாடல்களால் ஆனது. கோத்தும்பி என்பது அரச வண்டு. அரசெனப் பெயர்பெற்ற அதனையே இறைவன் திருவடியில் சென்று ஊதும் பணிக்கு அவர் ஏவுகிறார். திருமங்கையாழ்வாரின் திருக்கண்ணபுரப் பதிகம் ஒன்றிலோ, பெருமானின் துழாய் மணத்தைக் கொணர்ந்து ஊதுமாறு தலைவி தும்பியை வேண்டுகிறாள்.

‘கோ’ என்னும் அடை ஆண் அரசனையே நினைப்பிக்கிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் தேன்கூட்டின் தலைமையை அரசன் என்றே எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் ஆலந்து நாட்டுச் சுவாமர்தாம் நுண்ணோக்கியின் துணையால் ஆராய்ந்து, அவ்வரசனிடம் சூலகம் இருப்பதைக் காட்டினார். ஆள்வது பெண், கூட்டில் உழைக்கும் ஈக்களும் பெண்களே. அரசன் என்ற நம்பிக்கை மறைந்தது. தும்பியை நம்பிய கவிதைக்கு அதனால் இழப்பில்லை. அதன் பெருமை முடியில் இல்லை, சொல்லில் உள்ளது.

நங்கநல்லூரில் பத்தாண்டுகளாக ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டுவரும் நம் வட்டத்தார்க்கு இது பொருந்தும். நண்பர் தம் கவிதையை நம்முன் வைக்கும்போது, அன்று தும்பியிடம் கேட்ட கேள்வியே நம்மிடமும் கேட்கப்படுகிறது. பாராட்டு எளிது. தேர்ந்தறிந்து உண்மை உரைப்பதே நட்பு.