அவசரக் கொலனோஸ்கோபியின் மூலச் சான்று: ஜென்சன் ஆய்வின் மறுவாசிப்பு

ஆசனவாய் வழியே இரத்தம் கொட்டும் நோயாளிக்குத் தாமதமின்றிக் கொலனோஸ்கோபி செய்ய வேண்டும் என்ற கொள்கைக்கு மூலச் சான்றாகக் காட்டப்படுவது, டென்னிஸ் ஜென்சன் குழுவினர் 2000இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்ட கட்டுரை. டைவர்டிகுலா (பெருங்குடல் சுவரில் பிதுங்கும் சிறு பைகள்) இரத்தப்போக்கைப் பற்றிய அந்த லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வு விரைவின் பயனை நிறுவுகிறது என்ற வாசிப்பை நான் ஏற்கவில்லை. அது பேசுவது வேறொன்றைப் பற்றி; அதற்கும் மெலிந்த சான்றையே தருகிறது.

ஆய்வில் இரு குழுக்கள்: 1986 முதல் 1992 வரை 73 பேர், 1994 முதல் 1998 வரை 48 பேர். இரு குழுவினருக்குமே பேதி மருந்தால் குடலைச் சுத்தம் செய்து, 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கொலனோஸ்கோபி செய்யப்பட்டது. முதல் குழுவில் 17 பேரிடம் இரத்தம் கசியும் டைவர்டிகுலமோ, துருத்திய இரத்தக்குழாயோ, ஒட்டிய இரத்தக்கட்டியோ தென்பட்டது. கருவி வழியே அவர்களுக்குச் சிகிச்சை தரப்படவில்லை. 9 பேருக்கு மீண்டும் இரத்தம் போனது. அவர்களில் 6 பேருக்குக் குடலின் ஒரு பகுதியை வெட்டியெடுக்க நேர்ந்தது. இரண்டாம் குழுவில் அதே அடையாளங்களோடு இருந்த 10 பேருக்கு எபிநெஃப்ரின் ஊசியோ மின்சூடோ இரண்டுமோ தரப்பட்டன. ஒருவருக்கும் இரத்தப்போக்கு திரும்பவில்லை.

விரைவு இரு குழுவுக்கும் பொது. பொதுவாக இருந்த ஒன்றின் பயனை அக்குழுக்களை ஒப்பிட்டு எப்படி அறிவது? அங்கே திட்டமிட்டு மாற்றப்பட்டது சிகிச்சை மட்டுமே. 'அவசர' என்பது தலைப்பில் நிற்கிறது. முடிவுரையோ, சிகிச்சை மறு இரத்தப்போக்கைத் தடுக்கக்கூடும் என்று அடக்கமாகவே சொல்கிறது. பின்வந்தோர் பலர் தலைப்பையே சான்றாக்கிக்கொண்டனர்.

சிகிச்சைக்கான சான்றாவது உறுதியானதா? 10இல் 0 என்பதன் 95% நம்பக இடைவெளி ஏறத்தாழ 31% வரை நீள்கிறது. 2001இல் டியூக் பல்கலைக்கழகத்தின் புளூம்ஃபெல்ட் குழு இதே முறையில் 13 பேருக்குச் சிகிச்சை தந்தபோது 5 பேருக்கு 30 நாளுக்குள் இரத்தம் திரும்பியது. 1992க்கும் 1994க்கும் இடையிலான அந்த இடைவெளியும் என்னை உறுத்துகிறது. இரு காலத்து நோயாளிகளை ஒப்பிடும்போது மருத்துவமனைப் பராமரிப்பும், அறுவைக்கு அனுப்பும் மனப்போக்கும் உடன் மாறியிருக்கலாம். அவற்றின் பங்கைச் சிகிச்சையின் பங்கிலிருந்து பிரித்தெடுக்க அந்த ஆய்வில் வழியில்லை.

ஜென்சன் தரப்பில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: விரைந்து பார்த்தால்தான் அடையாளம் தெரியும், தெரிந்தால்தான் சிகிச்சை. 2005இல் கிரீன் குழுவின் 100 பேர் ஆய்வு இதற்குத் துணைநிற்பதுபோல் தோன்றும்: அவசரக் குழுவில் 42% பேருக்கு இரத்தப்போக்கின் இடம் உறுதியானது, மற்றக் குழுவில் 22% பேருக்கு மட்டுமே. ஆயினும் மறு இரத்தப்போக்கிலும் இறப்பிலும் அறுவையிலும் வேறுபாடில்லை. 2010இல் லெய்ன், ஷா இருவரும் 72 பேரிடம் 12 மணி நேரத்துக்குள் செய்வதையும் 36 முதல் 60 மணி நேரத்தில் செய்வதையும் ஒப்பிட்டனர். பயன் தெரியவில்லை, ஆனால் திட்டமிட்ட எண்ணிக்கை நிறையுமுன்பே சேர்க்கை நின்றது. 2020இல் ஜப்பானின் 15 மருத்துவமனைகளில் நீகுரா குழு 170 பேரிடம் செய்த ஆய்வுதான் அந்த மறுப்பை நேரடியாகத் தொடுகிறது. 24 மணி நேரத்துக்குள் பார்த்தபோது அடையாளம் தென்பட்டது 21.5% பேரிடம், 24 முதல் 96 மணி நேரத்தில் பார்த்தபோது 21.3% பேரிடம்.

கொள்கை மாறிய ஆண்டு எது என்று ஒற்றைப் புள்ளி வைக்க நான் தயங்குகிறேன். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2016இலும் ஆபத்து மிகுந்தோருக்கு 24 மணி நேர வரம்பைப் பரிந்துரைத்தது. 2023இல்தான் அந்த அவசரத்தைத் தளர்த்தியது. ஐயம் எழுந்தது 2005இல் என்றும் நிலைபெற்றது 2020க்குப் பின் என்றும் கொள்வதே பொருந்தும். ஆனால் நேரத்தைச் சோதித்த இந்த மூன்று ஆய்வுகளும் அந்த 10 பேர் எழுப்பிய சிகிச்சைக் கேள்வியைத் தீர்க்கவில்லை. இன்று கருவி வழியே இரத்தப்போக்கை நிறுத்தும் கிளிப்பும் வளையக் கட்டும் பரவியிருப்பதால், 1990களின் ஊசி, மின்சூட்டு முடிவுகளை அவற்றுக்கு அப்படியே பொருத்தவும் இயலாது.