ஜெயிலுக்குள்ளே ஒரு காலேஜ்

மேற்கு டெல்லியில், ஜனக்புரி, ஹரி நகர் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு 'ஜெயில் ரோடு' என்றால் கடை கண்ணிக்குப் போகிற வழி, அவ்வளவுதான். ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்கள்தான் திஹார் என்றதும் திடுக்கிடுவார்கள். அந்த மதிலுக்குள் பட்டப்படிப்பும் நடக்கிறது என்றால் நம்பவே மாட்டார்கள். அந்தக் கதைதான் இன்றைக்கு.

1993-ல் கிரண் பேடி சிறைத்துறை ஐ.ஜி.யாக வந்தபோது, சுமார் 2,500 பேருக்கான இடத்தில் 8,000 பேருக்கும் மேல் அடைத்து வைத்திருந்தார்கள். பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். தண்டனை என்று ஒன்றும் ஆகாமலே வருடக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள். முதலில் படித்த கைதிகள் படிக்காதவர்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். 1994-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாங்க நம்ம இக்னோ, உள்ளேயே ஒரு படிப்பு மையம் திறந்தது.

ஜெயிலுக்கு இந்த அஞ்சல் வழிப் படிப்பு நன்றாகவே பொருந்தியது. புத்தகம் கைக்கு வந்துவிடும். மூன்று வருட பி.ஏ.வை ஆறு வருடம் வரை இழுத்து முடிக்கலாம். நடுவில் ஜாமீன் கிடைத்தால் வெளியே வேறு மையத்தில் தொடரலாம். 2010-ல் கைதிகளுக்குக் கட்டணமே வேண்டாம் என்றும் அறிவித்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 1994-ல் அமெரிக்கா நேர் எதிராகப் போனது! அங்கே 1970களிலிருந்து ஏழை மாணவர்களுக்கான 'பெல்' உதவித்தொகை கைதிகளுக்கும் கிடைத்து வந்தது. நூற்றுக்கணக்கான சிறைகளில் கல்லூரி வகுப்புகள் நடந்தன. 1994 செப்டம்பரில் கிளின்டன் கையெழுத்திட்ட குற்றத் தடுப்புச் சட்டம் அதை நிறுத்தியது. சில வருடங்களில், விரல் விட்டு எண்ணக்கூடிய வகுப்புகளே மிஞ்சின.

காரணமாகச் சொன்னது நமக்கும் புரிகிற காரணம்தான். நேர்மையானவன் பிள்ளை கடன் வாங்கிப் படிக்கும்போது திருடனுக்கு இலவசக் காலேஜா? பிள்ளையின் ஃபீஸுக்கு பேங்க் வாசலில் நின்ற எனக்கும் அந்தக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். மொத்த பெல் பணத்தில் கைதிகளுக்குப் போனது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தகுதியுள்ள எல்லோருக்கும் உண்டு என்ற திட்டம் அது. கைதி வாங்கினான் என்பதற்காக வெளியே ஒரு பிள்ளைக்கும் இல்லாமல் போகவில்லை.

2013-ல் ராண்ட் நிறுவனம் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிறையில் படித்தவர்கள் திரும்ப உள்ளே வரும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு என்றது. கடைசியில் 2020-ல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜூலையிலிருந்து உதவித்தொகையை மறுபடி கொடுத்தார்கள். நடுவில் ஏறத்தாழ முப்பது வருடம் போய்விட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. காவல் நிற்கிற வார்டர்? கைதி பி.ஏ. முடிக்க, சாவி வைத்திருப்பவர் படிக்க வழியில்லாமல் நின்றால் அவருக்கு எரிச்சல் வராதா? அமெரிக்கா 1968-லேயே போலீஸ்காரர்களோடு சிறை ஊழியர்களும் கல்லூரிக்குப் போக அரசுப் பணம் கொடுத்தது. 1980களின் தொடக்கத்தில் அதுவும் நின்றது. இந்தியாவில் நம்ம வேலூரில்தான் 1979-ல் நான்கு தென் மாநிலச் சிறை அதிகாரிகளுக்கும் சேர்த்து ஒரு பயிற்சி நிலையம் வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் பயிற்சி வேறு, பட்டம் வேறு இல்லையா?

கைதிக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடிந்த நாட்டில், வார்டருக்கும் அதே மையத்தில், அதே சலுகையில் இடம் கொடுத்தால் என்ன? இரண்டு பேரும் ஒரே பாடத்துக்குப் பரீட்சை எழுதட்டுமே. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?