உறையூர்ச் சந்தையும் மூச்சடக்கியவர்களும்

காவிரியின் தென்கரையில், இன்று திருச்சிராப்பள்ளி நகரத்தின் ஒரு பகுதியாக அடங்கிக் கிடக்கும் உறையூர், சோழர்க்குத் தலைநகராயிருந்த காலத்தில் முத்துச் சந்தையாகவும் விளங்கிற்று என்பது, அங்கே கைத்தறிச் சேலை வாங்கப் போகிறவர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். கி.பி. முதல் நூற்றாண்டில் 'எரித்திரையக் கடற்பயண நூல்' இயற்றிய, பெயர் தெரியாத கிரேக்க வர்த்தகர், கொற்கைக்கு அப்பாலுள்ள கரையில் எடுக்கப்படும் முத்துக்கள் 'அர்கரு' என்னும் உள்நாட்டு ஊரில் மட்டுமே விலையாகின்றன என்றும், அங்கிருந்து மெல்லிய துகில்கள் ஏற்றுமதியாகின்றன என்றும் எழுதி வைத்தார். அந்த அர்கரு உறையூரே என்பது சரித்திர ஆசிரியர் பலரின் துணிபு. கொற்கையில் முத்தெடுக்கக் கடலில் இறங்கியவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் அவரே குறிக்கிறார். முத்தின் ஒளியை வர்ணிக்கப் புகுவோர் பெரும்பாலும் இந்த வாக்கியத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

பிற்காலத்தில் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் இத்தொழிலில் பேர்பெற்றனர். தென்மேற்குப் பருவக்காற்று எழுமுன், பங்குனி சித்திரையில், கடல் அமைதியாயிருக்கும் சில வாரங்களே இவர்களுக்கு வாய்க்கும். தோணி 'பார்' எனப்படும் சிப்பித் திட்டின்மேல் நங்கூரமிட்டதும், குளிப்பவர் கனத்த கல்லைக் கட்டிய கயிற்றின் வளையத்தில் ஒரு காலை நுழைத்து, மூச்சை நிறைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார். தரையைத் தொட்டவுடன் அவர் விடுவிக்கும் கல்லை மேலேயிருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். அவரோ தவழ்ந்து தவழ்ந்து சிப்பிகளை வலைப்பையில் வாரி, ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் கயிற்றைச் சுண்டினால், பையும் ஆளுமாக மேலே தூக்கப்படுவார்கள். மூக்கிலும் காதிலும் ரத்தம் வருவது அவர்களிடையே அபூர்வமன்று. சுறாவுக்கு அஞ்சி, 'கடல்கட்டி' என்னும் மந்திரவாதி கரையில் மந்திரம் ஜபிக்க, அவனுக்கு ஆங்கில அரசாங்கமே ஒரு காலத்தில் ஊதியமும் அளித்தது! பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையை வர்ணித்த மார்க்கோ போலோ, இத்தகைய மந்திரவாதிகளுக்கு இருபதில் ஒரு பங்கு முத்து கொடுக்கப்பட்டதாகக் கூறுகிறார். மூச்சையடக்கியவனுக்கும் மந்திரம் சொன்னவனுக்கும் கிடைத்த பங்குகளை ஒப்பிடும் வேலையை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் பகல்பத்தும் இராப்பத்தும் நடைபெறுங்கால், பள்ளிகொண்ட பெருமாளுக்கு முத்தங்கி சாற்றப்படுகிறது. மூலஸ்தானத்து விளக்கொளியில் திருமேனி முழுதும் முத்தாய்ப் பொலியும் அந்தச் சேவைக்காக ஜனங்கள் வரிசையில் காத்துக் கிடப்பர். முத்தைக் கணக்கிடுவதில் நம் முன்னோர் அசட்டையாக இருந்தவர்களும் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள், முதலாம் ராஜராஜன் அளித்த ஆபரணங்களின் முத்துக்களை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, இரட்டை, கறடு என்று ஜாதி பிரித்து எண்ணி எடையிட்டுப் பொறித்துள்ளன. அம்முத்துக்களைக் கொண்டுவந்தவருள் ஒருவனுடைய பெயருக்கும் அந்தக் கல்லில் இடம் கிடைக்கவில்லை. இதை நம் சரித்திரத்தின் குறை என்றே சொல்வேன்.

சிப்பி ஆண்டுதோறும் விளைவதில்லை. ஒரு பருவம் பார் நிறைந்திருக்கும், பிறகு பல ஆண்டுகள் வெறுமையாய்க் கிடக்கும். மணல் மூடுவதும், இளஞ்சிப்பிகளை மீன்கள் தின்றழிப்பதும் காரணங்கள். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது, அதன்பின் நடைபெறவில்லை.