ஊட்டிக் கடையில் ஒரு சிவப்பு, கறுப்புச் சால்வை

மே மாதம் வந்தால் நம் குடியிருப்பில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். பண்ருட்டி வெயிலில் பலா பழுக்கலாம், மனிதர்களால் முடியாது. ஊட்டி போய்த் திரும்புபவர்கள் பையில் வர்க்கியும் தைலமும் நிச்சயம் இருக்கும். சிலர் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல் ஓடிய ஒரு சால்வையும் கொண்டுவருவார்கள். "தோடர் சால்வை" என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அது கடைக்கு வந்த கதை பலருக்குத் தெரியாது.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி மலைமேல் ஏறினார். அதற்கு முன்பு அங்கே கடைத்தெரு என்று ஒன்று இருக்கவில்லை, ஆனால் வியாபாரம் இருந்தது, பணம் இல்லாமல். தோடர் எருமை வளர்த்தார்கள்; பாலும் நெய்யும் அவர்களுடையது. கோத்தர் இரும்புக் கருவிகள் அடித்துக் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் மண்பானை வனைந்தார்கள். படகர் தானியம் விளைவித்தார்கள். குறும்பர் காட்டுத் தேனும் மற்ற வனப்பொருள்களும் கொண்டுவந்தார்கள். இன்ன குடும்பத்துக்கு இன்ன குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாக உறவு வைத்து மாற்றிக்கொண்டார்கள். தோடர், படகர் வீட்டுச் சாவுக்கு வாத்தியம் வாசிக்கவும் கோத்தர்தான் வந்தார்கள்.

இதில் துணி மட்டும் நம்மைப் போன்ற சமவெளிக்காரர்களிடமிருந்து போனது. மலை உச்சியில் பருத்தி விளையாது, தோடர் தறி வைத்ததும் இல்லை. செட்டிகள் கீழிருந்து துணி சுமந்து ஏறினார்கள். அந்த முரட்டு வெள்ளைத் துணியில் தோடப் பெண்கள் பூ வேலை செய்தால் அது 'பூத்குளி' ஆகிவிடும், அவர்கள் போர்த்தும் சால்வை. தையல் வேலைக்குப் 'புகூர்' என்று பெயர். சட்டம் கிடையாது, வரைந்த கோடு கிடையாது. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசி போகும். எருமைக் கொம்பும் அதில் ஒரு வடிவம். இறந்தவர் உடலுக்கும் புதுப் பூத்குளியைத்தான் போர்த்துவார்கள். ஆக, அது முதலில் விற்பதற்கான பொருளே அல்ல.

ஊட்டி நகரமானதும் பழைய மாற்று முறை தளர ஆரம்பித்தது. 1866-இல் நகராட்சி வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் ரயில் ஓடியது, 1908-இல் ஊட்டியைத் தொட்டது. கடையில் காசு கொடுத்தால் பானையும் கத்தியும் கிடைக்கும்போது கோத்தரிடம் ஏன் போக வேண்டும்? அந்த நான்கு சமூகத்து உறவு எப்படி அவிழ்ந்தது என்று மானுடவியலாளர் டேவிட் மண்டல்பாம் 1941-இலேயே எழுதினார்.

இன்னொரு பக்கம் எருமைகளின் புல்வெளி சுருங்கியது. உருளைக்கிழங்கு வந்தது, தேயிலை வந்தது, சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள். அந்த மரங்கள் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாகப் போயின. செயற்கை இழை செய்யத் தோடர் மேய்ச்சல் நிலத்து மரம்! பைக்காரா மின்நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது. பிறகு குந்தா திட்டத்தின் அணைகள். பள்ளத்தாக்குப் புல்வெளிகள் நீருக்கடியில் போயின. சுரங்கத்துக்காக ஊரை விட்டவர்கள் நெய்வேலிப் பக்கம் நம்மிடையே இருக்கிறார்கள். மின்சாரத்தின் விலை என்ன என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எருமை குறையக் குறைய ஊசிதான் வீட்டுக்குக் காசு கொண்டுவந்தது. சால்வை மட்டும் செய்தவர்கள் பை, மேசை விரிப்பு, பர்ஸ் என்று செய்யலானார்கள். இன்று தோடர் மொத்தம் ஏறக்குறைய 2000 பேர்தான். ஒரு பெரிய சால்வைக்கு வாரக்கணக்கில் உழைப்பு போகும். அதே கோலத்தை இயந்திரம் சில நிமிடங்களில் போட்டுவிடும், அச்சடிப்பது இன்னும் மலிவு. அதனால்தான் தோடர் நலவாழ்வு சங்கம், கீஸ்டோன் அறக்கட்டளை, பூம்புகார் மூன்றும் சேர்ந்து புவிசார் குறியீடு கேட்டு, 2013-இல் பெற்றார்கள். குறியீடு வந்தும் போலி நிற்கவில்லை. வாங்குபவர் கேட்காத வரைக்கும் சட்டம் கடைக்குள் நுழைவதில்லை என்பது என் எண்ணம்.

தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் சந்தையில் ஸ்வெட்டர் வாங்குவதில் தவறில்லை, பெரும்பாலும் லூதியானா சரக்கு, விலையும் நியாயம். ஆனால் தோடர் வேலை என்று சொன்னால் துணியைக் கையில் வாங்குங்கள். தடவிப் பாருங்கள். கை வேலையில் நூல் சிறு சிறு வளையமாக மேலெழுந்து, நெய்தது போல மேடு தட்டும். பின்புறத்திலிருந்து தைப்பதால் அப்படி. முழுக்க வழவழப்பாக இருந்தால் அச்சு. பின்னால் மெல்லிய வேறு நூல் வரிசையாக ஓடினால் இயந்திரம். யார் செய்தது, எந்த மந்து என்று கேளுங்கள் (தோடர் ஊருக்கு 'மந்து' என்று பெயர்). நேரடியாக அவர்களிடம் வாங்குகிற கடைக்காரர் உடனே பதில் சொல்லிவிடுவார்.