ஷக்தி ரெக்கார்டில் ஒரு ராம்நாட்டுக்காரர்

மக்களே, இன்னிக்கு மருத்துவத்துக்கு லீவு. கொஞ்சம் பாட்டுக் கதை.

புல்லாங்குழல், கர்நாடகம், வெஸ்டர்ன் எல்லாம் கலந்த ஆல்பம்னு சொன்னா நம்மில் பலருக்கு இளையராஜாவோட 'நத்திங் பட் விண்ட்' (1988) தான் ஞாபகம் வரும். குழல் வாசிச்சவர் ஹரிபிரசாத் சௌராசியா. அதுக்கு 12 வருஷம் முன்னாடியே வந்த ஒரு ஜாஸ் ரெக்கார்டில் எங்க ஊர்ப் பேரைச் சுமந்த ஒருத்தர் இருந்தார். அது எனக்கே ரொம்ப லேட்டாத்தான் தெரியும்.

ராமநாதபுரம்னா வறட்சி, கருவேலமரம், டிரான்ஸ்ஃபர்னுதான் பலரும் நினைக்கிறாங்க. ஆனா பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரை ஆதரித்த சேதுபதிகளின் ஊர் இது. சித்சபை சேர்வையின் மகன்கள் சங்கரசிவமும் மிருதங்கம் முருகபூபதியும் இந்த ஊர்க்காரர்கள். சங்கரசிவத்திடம் கற்றவர் பாடகர் ராம்நாட் கிருஷ்ணன். அவருடைய தம்பிதான் மிருதங்க வித்வான் ராம்நாட் ராகவன்.

அறுபதுகளில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் நம்ம வித்வான்களை அழைத்துப் பாடம் நடத்தவைத்தது. மிருதங்கத்துக்கு ரங்கநாதன், குழலுக்கு அவர் தம்பி விஸ்வநாதன் (பாலசரஸ்வதியின் தம்பிகள்), பிறகு ராம்நாட் சகோதரர்கள். மின்கிதாரில் கொடிகட்டிப் பறந்த ஜான் மெக்லாஃப்லின் எஸ். ராமநாதனிடம் வீணை கத்துக்கிட்டதும் அங்கேதான். வயலின் எல். ஷங்கரும் அங்கே மாணவர். இவரோட அப்பா லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்து, 1958 கலவரத்தில் குடும்பத்தோட வெளியேறியவர். நம்ம கடலுக்கு அந்தப் பக்கத்துக் கதை.

இவங்களோட ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் சேர்ந்தாங்க. 1975 ஜூலை 5, லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நேரடிக் கச்சேரி. அடுத்த வருஷம் 'ஷக்தி' ஆல்பமா வந்தது. ஜாஸ்னா இருக்கிற டிரம் செட் இதில் கிடையாது. அந்த இடத்தில் தபலா, கடம், மிருதங்கம். எல்பியின் ஒரு பக்கம் முழுக்க ஒரே உருப்படி, சுமார் 29 நிமிஷம்! கமகம் வரணும்னு மெக்லாஃப்லின் தன் கிதாரின் விரல்பலகையையே குழிவாச் செதுக்கிக்கிட்டார். வேஷத்துக்குச் செய்ற வேலையா அது?

அடுத்து வந்த ரெண்டு ஆல்பத்திலும் ராகவன் இல்லை, நாலு பேர்தான். உலகம் ஞாபகம் வச்சிருக்கிறதும் அந்த நாலு பேரைத்தான். 1997-ல் மறுபடி கூடினப்போ வயலினுக்குப் பதில் சௌராசியாவின் குழல் வந்தது. 2024-ல் ஷக்திக்கு கிராமி கிடைச்சப்போ என் டைம்லைன் முழுக்க வாழ்த்து. நான் பார்த்த ஒரு பதிவிலும் ராகவன் பேர் இல்லை. கொஞ்சம் வலிச்சது.

அவர் அதைப் பத்தி அலட்டிக்கிட்ட மாதிரி தெரியலை. அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1978-ல் க்ளீவ்லாண்ட் தியாகராஜ ஆராதனையைத் தொடங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர். 2009-ல் காலமானார்.

ஹெட்ஃபோன் மாட்டி, முதல் உருப்படி 'ஜாய்' கேளுங்க, 18 நிமிஷம். தபலாவும் கடமும் சட்டுனு பிடிபடும். அதுக்கு நடுவில மிருதங்கத்தைத் தேடுங்க.